மாதேஷண்ணாவின் காரும் மஞ்சள் காரும்

1

மாதேஷண்ணா, இந்த ஆடியோடு நீ போய் மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் நாட்றாம்பாளையத்தில் இருந்து அம்மா போன் செய்தாள்.

"சின்னா, உங்கண்ணி இந்த வருசமும் திதி வேணாங்கறா."

"என்னம்மா சொல்றாங்க?"

"குடிச்சிட்டு வண்டிய உருட்டி செத்தவனுக்கு நான் எதுக்கு இலை போடணுங்கறா. நான் என்னாத்த சொல்றது சாமி. சின்ன வயசுல தனியா நிக்கறா. அவகிட்ட என்னான்னு பேசறது."

நான் ஷார்ஜாவில், ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் காலி ஆயில் டிரம் மேல் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருடமாக ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் என் வேலை.

இங்கே நம் பக்கத்து ஆட்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள். ஊருக்கும் அனுப்புவார்கள். என்னோடு ஒரே ரூமில் இருக்கும் தர்மபுரி சேகர்தான் எல்லோரிடமும் கட்டுரை கேட்டு வாங்குகிறவன்.

"டேய், நீதான் பெரிய பெரிய காருக்கு அடியில படுத்துக் கெடக்கற. ஸ்போர்ட்ஸ் காரு எப்படி, நம்மூரு பழைய பேமிலி காரு எப்படின்னு ரெண்டையும் வெச்சி ஒண்ணு எழுதிக் குடு."

"நான் எட்டாவதுடா."

"படிச்சவன் எழுதி நாங்க படிச்சது போதும். நீ எழுது."

எழுதுகிறேன். ஆனால் அண்ணா, இரண்டு காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் நடுவில் நீ வந்து நிற்கிறாய். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்குத் தெரியாது.

2

ஸ்போர்ட்ஸ் கார் மஞ்சள் நிறம். இரண்டு பேர்தான் உட்கார முடியும். எஞ்சின் முதுகுப் பக்கம் இருக்கும். நின்ற இடத்தில் இருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் போக, நீ ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி நாலு சொல்வதற்குள் முடிந்துவிடும். தரைக்கும் வண்டிக்கும் நடுவில் என் உள்ளங்கை அகலம்தான் இடைவெளி. ஓசூரில் நம் வீட்டுப் பக்கம் மத்திகிரி ரோட்டு ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றினால் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

முதலாளி வாரத்தில் ஒரு நாள் ஓட்டுவார். மற்ற ஆறு நாளும் அது ஏசி போட்ட ஷெட்டில் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். நாங்கள் அந்த ஷெட்டுக்கு வெளியே தகரத்துக்குக் கீழே நிற்போம்.

என் வேலை அடியில் படுத்துக் கழுவுவது, போல்ட் கழற்றித் தருவது, கழற்றிய பொருளைத் தொட்டியில் போடுவது. விசாவில் கிளீனர் என்று எழுதியிருக்கிறார்கள். லைசென்ஸ் எடுக்கக் கம்பெனிக் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும். மேனேஜர் விசாவைப் பார்த்துவிட்டு, கிளீனருக்கு எதற்கு லைசென்ஸ் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இரண்டு தடவை கேட்டேன். உண்மையில் எனக்கும் ஓட்ட ஆசையில்லை. எல்லோரும் கேட்கிறார்களே என்று கேட்டேன்.

3

நம் கார் வெள்ளி நிறம். பெங்களூரில் மூன்று பேர் ஓட்டிவிட்டு நான்காவதாக உன் கைக்கு வந்தது. கர்நாடகா நம்பரை நம் நம்பராக மாற்ற அந்த மாநிலத்து ஆபீசுக்கும் இந்த மாநிலத்து ஆபீசுக்கும் எட்டு மாதம் நடந்தாய். கடைசியில் பரிசோதனை என்று கூப்பிட்டார்கள். ஒருவர் வந்து சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார். டயரைக் கூடக் குனிந்து பார்க்கவில்லை. "என்னடா இது, வண்டிக்கு ஜாதகம் மட்டும் பாத்துட்டு அனுப்பிட்டாங்க" என்று நீ சிரித்தாய்.

ஐந்து பேர் கார் அது. ஒன்பது பேர் போயிருக்கிறோம். பின்னால் இடது ஜன்னல் இறங்காது. ஊரில் இருந்து வரும்போது டிக்கியில் தக்காளி, ராகி, ஒரு தடவை கன்றுக்குட்டி. நாட்றாம்பாளையத்தில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் உனக்குத்தான் போன் வரும். நீ பகலெல்லாம் கம்பெனி டெம்போ ஓட்டிவிட்டு வந்து அந்த வண்டியை எடுப்பாய். மலைப்பாதையில் இறங்கும்போது அம்மா முன் சீட்டில் கண்ணை மூடிக்கொள்வாள். "கண்ண தெறம்மா, நான்தான ஓட்டறன்" என்பாய்.

மஞ்சள் காரில் ஏற ஆள் இல்லை. நம் காரில் இடம் இல்லை. சேகர் கேட்ட வித்தியாசம் இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

4

நான் ஓசூரில் காண்ட்ராக்டில் வேலை பார்த்த கம்பெனியில் பால் ஜாயின்ட் செய்தோம். முன் சக்கரத்தை வண்டியோடு கோர்த்துப் பிடிக்கிற குமிழ் அது. அது முறிந்தால் சக்கரம் மடங்கிப் படுத்துக்கொள்ளும்.

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு லைன். ஒன்று வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு. இன்னொன்று நம்மைப் போன்றவர்கள் ஓட்டும் பழைய கார்களுக்கு ஸ்பேர். என் வேலை விரிசல் பார்ப்பது. கறுப்புத் திரை போட்ட சின்ன அறை. பீஸைக் காந்தத்தில் மாட்டி, மேலே ஒரு தண்ணீர் ஊற்றி, ஊதா லைட்டில் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் பச்சையாக ஒரு முடி மின்னும். மின்னினால் சிவப்புப் பெயின்ட் ஒரு சொட்டு வைத்துத் தள்ளிவிட வேண்டும்.

வெளிநாட்டு லைனில் ஒவ்வொரு பீஸையும் பார்ப்போம். பழைய கார் லைனில் கூடைக்கு ஒன்று. மாதக் கடைசியில் அதுவும் இல்லை. சூப்பர்வைசர் ஆனேக்கல் பக்கத்துக்காரர், பாதி கன்னடம் பாதி தமிழ்.

"சார், இதுல கோடு இருக்குது."

"எல்லிப்பா, எங்க காட்டு. இதா? இது கோடாப்பா? இந்த வண்டிங்கள எவன் நூறுல ஓட்டறான். போகட்டும் உடு குரு."

போகவிட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அவையெல்லாம் எங்கெங்கே எந்த வண்டியில் ஓடின என்று தெரியாது. ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். அதனால் அந்தப் பச்சை முடி வெளிநாட்டுக்காரனுக்கான சடங்கு, நமக்கு அது பொருட்டில்லை என்று மனசில் பதிந்துவிட்டது.

5

நீ போவதற்கு முந்திய வருடம், நம் காரில் முன்னால் இடது பக்கம் சத்தம் வந்தது.

"டக்கு டக்குங்குது சின்னா. மெக்கானிக் பாத்துட்டு பால் ஜாயின்ட் போச்சுங்கறான். கடையில கேட்டா இந்த மாடலுக்கு இப்ப வர்றதில்லையாம். நீங்க அதத்தான அடிக்கறீங்க?"

"வெளிய எடுத்துட்டு வர உட மாட்டாங்கணா."

"கேட்டுத்தான் பாரேன். கேட்டா தலையையா எடுத்துடுவாங்க."

கேட்டேன். நல்ல பீஸ் எல்லாம் எண்ணிக்கை, ஒன்று குறைந்தால் தன் வேலை போய்விடும் என்றார் சூப்பர்வைசர். சிவப்புப் பெயின்ட் வைத்தது மட்டும் எண்ணிக்கை இல்லை. மொத்தமாக எடை போட்டுப் பழைய இரும்புக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கழிவுத் தொட்டியில் கை விட்டுத் தேடினேன். இருப்பதிலேயே சின்னக் கோடாக இருந்த பீஸை ஊதா லைட்டில் பார்த்து எடுத்தேன். அரிசி நீளம் கூட இருக்காது. தின்னரில் நனைத்த துணியால் சிவப்பைத் துடைத்தேன். காலி டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து கேட்டைத் தாண்டினேன்.

வீட்டில் நீ அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாய்.

"நல்ல பீஸாடா?"

"நல்ல பீஸ்ணா. நானே பாத்து எடுத்தது."

நானே பார்த்து எடுத்தேன் என்பது மட்டும்தான் அதில் உண்மை.

நீ அதை அண்ணியிடம் காட்டினாய். "கடையில வாங்குனா டூப்ளிகேட் தலையில கட்டுவான். இது நம்ம பையன் கையில புடிச்சிப் பாத்தது, தெரியுமா" என்றாய். அன்றைக்கு எனக்குக் கோழிக்குழம்பு.

அது பதினோரு மாதம் ஓடியது. அந்தப் பதினோரு மாதமும் அண்ணியும் உன் மகள் பவித்ராவும் நானும் அதே வண்டியில்தான் போனோம். வேறு நல்லது கிடைத்தால் மாற்ற வேண்டும் என்று முதல் மாதம் நினைத்தேன். அப்புறம் மறந்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை அண்ணா. மறந்துவிட்டேன்.

6

ஆடியில் நம் முனியப்பனுக்குப் படையல். அண்ணிக்கு கார்மென்ட்ஸில் லீவு தரவில்லை. எனக்கு முதல் ஷிப்ட். நீ மட்டும் காலையில் கிளம்பினாய். பின் சீட்டில் கால் கட்டிய சேவல், தேங்காய், சுருட்டு, எலுமிச்சை. முன் சீட்டில் முனியப்பனுக்கு வைக்க ஒரு புட்டி. அம்மா சொல்லித்தான் வாங்கினாய். பவித்ரா பிறந்த அன்றைக்கே அவள் தலையில் கை வைத்துக் குடியை விட்டவன் நீ. கடையில் புட்டி கேட்கவே கூச்சமாக இருந்தது என்று என்னிடம் சொன்னாய்.

அஞ்செட்டி மலைப்பாதையில் மூன்றாவது வளைவில் சக்கரம் மடங்கியது. வண்டி இரண்டு உருள் உருண்டு ஒரு பாறையில் நின்றது. சேவலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் நாள் யானை என்றார்கள். சானமாவுக் காட்டில் இருந்து இறங்கிய கூட்டம் குறுக்கே வந்திருக்கும், வண்டியை ஒடித்திருப்பான் என்று. மறுநாள் யானை போய்விட்டது, புட்டி வந்துவிட்டது. அது உடைந்து உன் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. போலீஸ் எழுதின பேப்பரில் அதிவேகம் என்றும் மது வாசனை என்றும் இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்களா, ரிப்போர்ட் என்ன ஆனது என்று இன்று வரை யாரும் சொல்லவில்லை. டிரைவரே இப்படி ஓட்டினால் என்று மத்திகிரி பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டார்கள்.

அண்ணி உன் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். அம்மா, "அது சாமிக்கு வாங்குனதும்மா" என்று கத்தினாள்.

"சாமிக்கு வாங்குனதுல இவரு கைய வெச்சிட்டாரு" என்றார் அண்ணி. அதற்குப் பிறகு அழவில்லை.

7

காரை ஸ்டேஷன் பக்கத்தில் காலி இடத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். இடது முன் சக்கரம் உள்பக்கம் மடங்கியிருந்தது. குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். முறிந்த இடத்தில் பாதி கறுத்திருந்தது, பாதி வெள்ளி மாதிரி மின்னியது. கறுத்தது நான் பார்த்த அந்தக் கோடு, மாதக்கணக்கில் உள்ளே வளர்ந்தது. மின்னியது அன்றைக்கு முறிந்தது. இப்படிப் பார்க்க எனக்குக் கம்பெனியில்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

"என்னாப்பா பாக்கற?" என்றார் ஒரு போலீஸ்காரர்.

"ஒண்ணும் இல்ல சார்."

"உங்கண்ணனா? நல்லா ஏத்திக்கிட்டுதான் ஓட்டியிருக்கான்."

நான் தலையாட்டினேன்.

அண்ணா, விரிசல் பீஸை எடுத்ததுகூட அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தத் தலையாட்டலுக்கு என்ன சொல்வேன். நாலு மாதத்தில் விசா எடுத்து இங்கே வந்துவிட்டேன். குடும்பத்தைக் காப்பாற்றப் போகிறான் என்று எல்லோரும் மெச்சினார்கள். அண்ணிகூட, "நீயாவது பொறுப்பா இருக்கறயே தம்பி" என்றார்.

8

இங்கே பிஜு என்று ஒரு மலையாளி மெக்கானிக். என்னை விடப் பத்து வயது மூத்தவர். போன மாதம் மஞ்சள் காரின் முன் பக்கம் மொத்தமும் கழற்றச் சொன்னார். கழற்றிக் கொடுத்தேன். பால் ஜாயின்ட்டைக் கையில் பிடித்து அசைத்துப் பார்த்தேன். துளி ஆட்டம் இல்லை.

"சேட்டா, இது நல்லாதான இருக்குது?"

"நல்லதாணு. பக்‌ஷே கிலோமீட்டர் ஆயி. புக்கில் மாற்றணும்னு உண்டு. களையடா."

நல்லதுதான், ஆனால் ஓட வேண்டிய கிலோமீட்டர் ஓடிவிட்டது, தூக்கிப் போடு என்கிறார். தொட்டியில் போட்டேன். சத்தம் கணீரென்று கேட்டது. நல்ல இரும்பு.

பிஜுவுக்கும் ஒரு பழைய பேமிலி கார் உண்டு, நம்முடையது போலவே வெள்ளி நிறம். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். இங்கே வருடத்துக்கு ஒரு தடவை வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், பாஸிங் என்பார்கள். போன மாதமே அவர் காரையும் கொண்டுபோனோம். அங்கே ஒருவன் குழியில் இறங்கி, கம்பியால் சக்கரத்தை நெம்பிப் பார்த்து, பால் ஜாயின்ட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது என்று பெயிலாக்கிவிட்டான். பிஜு வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அவன் காலில் விழ வேண்டும் போல் இருந்தது.

சேகர் கேட்டானே, என்ன வித்தியாசம் என்று. மஞ்சள் காரை யாரும் நம்புவதில்லை. அதைச் செய்தவனையும் நம்புவதில்லை, மாட்டினவனையும் நம்புவதில்லை, திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நீ என்னை நம்பினாய்.

அதே வாரம் பவித்ரா வீடியோவில் வந்தாள். முன்பெல்லாம் போன் எடுத்தால் சித்தப்பா என்று கத்துவாள். இப்போது நாலாவது படிக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கன்னடம், ஸ்கூலில் இங்கிலீஷ். என்னிடம் பேச அவளுக்கு விஷயமே இருப்பதில்லை. வாய் தவறி ஒரு தடவை அங்கிள் என்றாள். இந்தத் தடவை மட்டும் ஆசையாக வந்தாள்.

"சித்தப்பா, போஸ்டர் காம்பெடிஷன்ல செகண்ட் ப்ரைஸ். ரோட் சேப்டி."

ஒரு சார்ட்டைத் தூக்கிக் காட்டினாள். தலைகீழாக ஒரு வெள்ளிக் கார். பக்கத்தில் உடைந்த புட்டி. மேலே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது.

"இது எங்கப்பா காரு" என்றாள். "மிஸ் எல்லாருக்கும் காட்டுனாங்க."

"சூப்பர் கண்ணு" என்றேன். நான் சொன்னது அதுதான்.

9

லீவு நாளில் அண்ணிக்குப் போன் செய்தேன்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். முடிக்கற வரைக்கும் எதுவும் கேக்காதீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, பச்சைக் கோடு, தின்னர், டிபன் கேரியர், முறிந்த இடம், நான் தலையாட்டியது. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அணைக்கவில்லை.

"அப்ப அவரு குடிக்கல" என்றார்.

"குடிக்கல அண்ணி."

"வேகமாவும் போவல."

"அந்த வளைவுல அண்ணன் வேகமா போவாது. உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா மூணு வருசமா அவரு போட்டோவ செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிருப்பனா. நீ போன்ல பாத்தயில்ல?"

"பாத்தன்."

"பாத்துட்டு, சாப்டீங்களா அண்ணின்னு கேட்ட."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"எம் புள்ளயும் அந்த வண்டியில உக்காந்துதான் வந்தா. தெரிஞ்சேதான் எங்கள ஏத்துன."

"மறந்துட்டன் அண்ணி."

"மறந்துட்டயா." அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. "அவரு செத்ததுக்குக்கூட உன்ன உட்டுடுவன் தம்பி. அவர என் வாயால திட்ட வெச்சயே. இனிமே எனக்குப் போன் பண்ணாத."

வைத்துவிட்டார். அன்றைக்கு ரூமில் சாம்பார் வைக்கும் முறை என்னுடையது. வைத்தேன். உப்பு போட்டேனா என்று சேகர் கேட்டான்.

10

நேற்று திதி. அம்மா மத்திகிரிக்குப் போயிருந்தாள். சாயங்காலம் கூப்பிட்டாள்.

"இலை போட்டாடா. அவளே சமைச்சா. பாப்பாவ உட்டுக் கற்பூரம் காட்டச் சொன்னா."

"என்ன பத்தி எதாவது சொன்னாங்களா?"

"உம்பேர எடுக்கல. முன்னயே எல்லாத்தயும் எங்கிட்ட சொல்லிட்டா. நானும் எடுக்கல. இன்னும் கொஞ்ச நாளைக்கு என்னாலயும் முடியாது சின்னா. கோவிச்சிக்காத."

"சரிம்மா."

"ஆனா ஒண்ணு. பஸ் ஸ்டாப்புல, கம்பெனில, பள்ளிக்கூடத்துல, எல்லாத்துலயும் போய்ச் சொல்லிட்டு வர்றா. எம் புருசன் குடிக்கல, எம் புருசன் குடிக்கலன்னு. சில பேரு நம்பறாங்க. சில பேரு பாவம்னு பாக்கறாங்க."

இதுவரை எழுதியதைச் சேகரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாள்களை என் பக்கமே தள்ளினான்.

"இத போட்டா உன்ன ஊருக்குள்ள சேக்க மாட்டாங்கடா."

"அண்ணி சொன்னா நம்பாதவங்க இருக்கறாங்க. பீஸ எடுத்தவனே சொன்னா நம்புவாங்க. போடு. பேரயும் போடு."

அண்ணா, உன்னிடம் மன்னிப்பு கேட்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் மாரியம்மனையோ முனியப்பனையோ அல்லாவையோ ஏசுவையோ, யாரைக் கும்பிட்டாலும் சரி, டெம்போ டிரைவர் மாதேஷுக்காக ஒரு நிமிடம் கண்ணை மூடுங்கள். அவனைக் குடிகாரன் என்று சொன்னவர்களும் மூடுங்கள், தெரியாமல்தானே சொன்னீர்கள். அவன் நல்லபடியாக ஓட்டினான், தம்பியை நம்பினான், அதனால் செத்தான் என்று சாமியிடம் சொல்லுங்கள். அவனுக்காக எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள். எனக்காக வேண்டாம்.